எங்க நிக்கிறியள்?

அக்கா,

"உம்மா, குட்ஷெட்ல நிக்கிறேன். நுவரெலியா பஸ் இன்னம் வரல்ல."

ஹஸ்னாவிடமிருந்து வந்த குரல் செய்தி இவ்வளவுதான். பின்னால் ஹோர்ன் சத்தம், கச்சான் கடலை விற்பவனின் கூவல், யாரோ ஒரு பிள்ளை அழுவது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டேன். புதிதாக அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கேட்கிறேன்.

அதிலுள்ள ஒரு சொல் என்னை உங்களிடம் இழுத்து வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருக்கிறேன் என்பதை "குட்ஷெட்ல ஈக்கிறேன்" என்றுதான் சொல்வோம். நிற்பது என்றால் எங்களுக்குக் காலில் நிற்பது, அவ்வளவுதான். ஓர் ஆள் ஓர் இடத்தில் இருப்பதையே நிற்பது என்று சொல்வது உங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு. அந்தச் சொல்லை என் மகளின் வாயில் வைத்துவிட்டுப் போனவர் நீங்கள். இருபது வயதில், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்று, ஒரு முஸ்லிம் பிள்ளை யாழ்ப்பாணத் தமிழில் தன் உம்மாவுக்குச் சேதி சொல்கிறாள். கேட்டிருந்தால், தொண்டைக்குள்ளேயே சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பைச் சிரித்திருப்பீர்கள்.

இன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகத் தனியாகப் போகிறாள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ். குட்ஷெட்டிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் ஏறி, வழியில் புசல்லாவையில் இறங்க வேண்டும். என் தங்கை வீட்டுக்கு. எந்தப் பாதை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே பாதைதான். "நான் கொண்டுபோய் விடுறேன் மகள்" என்று அவளுடைய வாப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாப்பா, நீங்க வந்தா அது தனியாப் போறது இல்ல தானே" என்றாள்.  அவர் இப்போது கடையைத் திறக்கவும் போகாமல், முற்றத்தில் பூச்சாடிகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் தொலைபேசியைத்தான் எடுக்கும்.

அந்தப் பாதையில் நடந்ததை முதன்முதல் உங்களிடம் சொன்னபோது ஓர் அறிக்கையை வாசிப்பது போலத்தான் சொன்னேன். தங்கையின் கலியாணம் முடிந்து திரும்பும்போது மழை. வேன் வழுக்கியது. பள்ளத்துக்குள் விழவில்லை, மண்மேட்டில் மோதியது. எங்களுக்குச் சிராய்ப்பு, மகளுக்குத் தலையில் அடி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள், கண் விழித்தாள், நடந்தாள், வீட்டுக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் பழம் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், புள்ள நல்லா ஈக்குதே" என்று சொல்லிப் போனார்கள். முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தது வேறு ஒரு பிள்ளை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சத்தமே வராத பிள்ளையாக இருந்தவள், வந்த விருந்தாளியிடம் "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் கையில் கிடைத்ததை எறிந்தாள். பிறகு எறிந்ததும் நினைவில்லாமல், உடைந்த துண்டுகளுக்கு நடுவில் நின்று "இத யார் உடச்ச?" என்றாள். பள்ளிக்கூடத்தில் அதைத் திமிர் என்றார்கள். என் புகுந்த வீட்டில் ஜின் என்றார்கள், தாயத்து ஓதிக் கட்டினார்கள். நான் பகலெல்லாம் கந்தோரில் உட்கார்ந்து சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கினேன். மேசையிலிருந்த தொலைபேசி அடித்தால் பேனையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுப்பேன்.

கிளினிக்கில் ஒரு தாதிதான் உங்களைப் பற்றிச் சொன்னார். தலையில் அடிபட்ட பிள்ளைகளின் வீட்டு ஆட்களோடு ஓர் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து புதன்கிழமைப் பின்னேரங்களில் ஸ்கைப்பில் கதைக்கிறார், முன்பு கண்டி ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், சேர்ந்து பாருங்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முன்னால் இருக்கும் நானே சொல்லிக் கேட்காதவள், ஒரு கண்ணாடித் திரைக்குள்ளிருந்து வருகிற குரலுக்கா கேட்கப் போகிறாள்?

முதல் நாள் நடந்தது நினைவிருக்கிறதா? கறுப்புச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடியும் நரைத்த முன்முடியுமாகத் திரைக்குள் வந்தீர்கள். கிட்ட வந்து, "வணக்கம் ஹஸ்னா. எங்க நிக்கிறியள்?" என்றீர்கள்.

"நான் நிக்கல்ல. உக்காந்து ஈக்கிறேன்."

"ஓம் ஓம். எங்க நிக்கிறியள் எண்டு கேட்டனான்."

"உங்களுக்குக் கண் தெரியாதா?"

எனக்கு உடம்பு கூசியது. "மகள், அன்டி கேக்கிறது என்னண்டா..." என்று நான் தொடங்குவதற்குள் அவள் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். திரையில் அவளுடைய வயிறு மட்டும் தெரிந்தது. "இப்ப நிக்கிறேன். சரியா?"

நீங்கள் கோபிக்கவில்லை. அந்தத் தொண்டைச் சிரிப்புத்தான். "பிழை என்னிலதான் பிள்ளை. எங்கட ஊரில படுத்துக் கிடக்கிற ஆக்களையும் நிக்கினம் எண்டுதான் சொல்லுவம்."

"அது பொய்," என்றாள் ஹஸ்னா.

"உண்மையா. பாயில படுத்துக்கொண்டு ஃபோனில 'வீட்டில நிக்கிறன்' எண்டுவம்."

அவள் குனிந்து திரைக்குள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வேன் மோதிய நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு தமிழிலிருந்து இன்னொரு தமிழுக்கு மாற்றத் தெரியாமல் பக்கத்தில் விழித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தவறையே நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அன்று முதல் ஒவ்வொரு புதன்கிழமையும் அதுதான் தொடக்கம். யார் திரைக்குள் வந்தாலும் "எங்க நிக்கிறியள்?" நல்லா இருக்கிறீர்களா என்று நீங்கள் கேட்டதே இல்லை. அதற்கு எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்பீர்கள். எங்கே என்று கேட்டால் ஆள் ஒரு கணமாவது சுற்றிப் பார்க்க வேண்டும். கோபத்தில் துள்ளுகிற பிள்ளையும் பார்க்க வேண்டும், பிள்ளையின் பின்னால் துள்ளுகிற தாயும் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறேன், முன்னால் என்ன தெரிகிறது, இனி என்ன செய்வது. மூன்றும் அந்தப் பிள்ளையின் வாயால் வர வேண்டும்.

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வம் அண்ணன், தலையில் அடிபட்ட தன் மகனோடு குழுவில் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய லயத்து வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில், தலைக்கு மேலே தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தால்தான் வரும். "நா எங்க நிக்கிறேனா மிஸ்? மழயில நிக்கிறேன். ஒரு கையில கொட, ஒரு கையில நீங்க." நம் எல்லோரிலும் உங்கள் கேள்விக்கு எழுத்துக்கு எழுத்து சரியாகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஹஸ்னாவுக்கு அவரைப் பார்த்தாலே சிரிப்பு. அடுத்த நாள் எங்கள் வீட்டுக் கட்டிலில் ஏறி நின்று, தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, "ஒரு கையில கொட" என்று சொல்லிக் காட்டினாள்.

ஆனால் நீங்கள் அதிகம் ஏசியது என்னைத்தான். ஹஸ்னாவிடம் ஒரு கேள்வி கேட்பீர்கள். அவள் யோசிப்பாள். நான் குறுக்கே பாய்ந்து அவளுக்காகச் சொல்வேன். பல கிழமை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் சொன்னீர்கள்: "தங்கச்சி, அவவின்ர மறுமொழியை நீங்கள் சாப்பிட்டிட்டியள்."

எனக்கு முகம் சுட்டது. உதவி செய்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"கேட்டிட்டு வாயைப் பொத்துங்கோ. அடிபட்ட மூளையில மறுமொழி மெதுவாத்தான் வரும். ஆனா வரும். வழியில நிக்கும். நீங்கள் குறுக்க போனா அது திரும்பிப் போயிடும்."

எனக்கு இது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். நான் இடைவெளி தாங்காதவள். சோறு வேகும் முன் மூடியைத் திறந்து பார்ப்பவள். இப்போது பாருங்கள், இவ்வளவு எழுதுவதற்குள் தொலைபேசியை எத்தனை முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை. பஸ் வந்து ஏறியிருப்பாள். கம்பளை தாண்டினால் மலை ஏறும் வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அதுவாகத்தான் இருக்கும்.

கலவரம் நடந்த அந்தப் புதன்கிழமையைப் பற்றி அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அழுகையோடு, துண்டு துண்டாக. ஒழுங்காக ஒரு நாளும் சொன்னதில்லை.

கண்டியைச் சுற்றி எங்கள் ஆட்களின் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கியிருந்தன. ஊரடங்கு போடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். கடையின் பெயர்ப்பலகையை ஹஸ்னாவின் வாப்பா கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். அடையாள அட்டைகள், ஹஸ்னாவின் மருந்துகள், தலையை ஸ்கேன் செய்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் மதிலுக்கு மேலால் எட்டி, ஆட்கள் வந்தால் பின்பக்கத்தால் எங்களிடம் வந்துவிடுங்கள் என்று கிசுகிசுத்துவிட்டு, தானும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். வதந்தி பரவுகிறது என்று எங்கள் பக்கம் தொலைபேசி இணையத்தை நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கு அது செய்தி. ஹஸ்னாவுக்கோ அது புதன்கிழமைப் பின்னேரம். அன்டி வர வேண்டும், வரவில்லை.

"உம்மா, நான்தான் எதையும் உடச்சிட்டேனா?"

"இல்ல மகள். சிக்னல் இல்ல."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. சிக்னல் இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். செல்வம் அண்ணனிடம் படித்திருந்தாள். நானும் அவளுடைய வாப்பாவும் பின்னறையில் எந்த வழியால் போவது என்று பேசிக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

ஓடி வந்தால், அவள் வீதியில். வீதி முனையில் சைக்கிள் கடை புகைந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஆண்கள், கையில் பொல்லுகள். அவர்கள் இன்னும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வெள்ளை ஸ்கார்ஃப் போட்ட என் பிள்ளை, தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, அவர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து தொட்டால் கத்துவாள். அது எனக்கு நிச்சயம். கத்தினால் அவர்கள் திரும்புவார்கள். அவளுடைய வாப்பா பாயப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். கேட்டோடு நின்று, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், உங்கள் சொல்லிலேயே கேட்டேன்:

"ஹஸ்னா. எங்க நிக்கிறியள்?"

கால் நின்றது. திரும்பாமலே சொன்னாள்: "ரோட்ல நிக்கிறேன்."

"முன்னுக்கு என்ன தெரியுது?"

"பொக." கொஞ்சம் கழித்து, "ஆக்கள். பொல்லு."

"இப்ப என்ன செய்ய?"

அதற்குப் பிறகு நான் வாயைப் பொத்தினேன், அக்கா. உள்ளே வா, ஓடி வா, யா அல்லாஹ், மகளே, எல்லாச் சொற்களும் வாய் வரை வந்தன. ஒன்றையும் விடவில்லை. அவளுடைய மறுமொழி வழியில் நிற்கிறது, அதை நான் சாப்பிடக் கூடாது. முனையில் ஒருவன் தலையைத் திருப்பினான். என் கையைப் பற்றியிருந்த அவளுடைய வாப்பாவின் நகம் தோலுக்குள் இறங்கியது. தலைக்கு மேலே தூக்கியிருந்த தொலைபேசி மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வந்தது.

"உள்ள வரணும்," என்றாள்.

வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். கேட்டை அவளே கொழுவினாள்.

அன்று அந்தி சாயும் நேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தவுடன் அதே குரல், அதே கேள்வி. "எங்க நிக்கிறியள்?" நான் அதுவரை அழாமல் இருந்தேன். "அழுது முடியுங்கோ தங்கச்சி," என்றீர்கள். "நான் நிக்கிறன்."

நான் முடித்த பிறகு, நீங்கள் முதலும் கடைசியுமாக உங்களைப் பற்றிச் சொன்னீர்கள். "எனக்கொரு தம்பி. பதினாறு வயசில தலையில ஷெல் துண்டு பட்டது. தப்பிட்டான். ஆனா ஹஸ்னா மாதிரித்தான், ஆள் மாறிட்டான். ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்ல. அம்மா நேர்த்தி வைச்சா. அப்பா அடிச்சார். நான் விசரன் எண்டு ஏசினனான்." சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, மழைக்குள், பாலத்தில் சனத்தோடு சனமாக நசிந்து போய்க்கொண்டிருந்தபோது, அவன் திடீரென்று திரும்பி நடந்தானாம். சைக்கிள் பம்பை விட்டுவிட்டு வந்துவிட்டான், எடுக்க வேண்டும். "நான் கத்தினன். வாடா விசரா, வாடா எண்டு. கத்தக் கத்த அவன் கெதியாப் போனான்."

அதற்குப் பிறகு அம்மா எந்த முகாமுக்குப் போனாலும், யாரைக் கண்டாலும் கேட்டது அந்த ஒரு கேள்விதானாம். தம்பி எங்க நிக்கிறான் எண்டு ஆராவது கண்டனீங்களோ?

தம்பி "இருந்தவன்" என்று நீங்கள் சொல்லவேயில்லை என்பதைத் தொலைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தேன். எனக்கொரு தம்பி என்று மட்டும்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரித்தான் விழுந்தது. நீங்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் எங்கள் பிள்ளைகளிடம் அதைக் கேட்டது பயிற்சிக்காக மட்டும் இல்லை. கேட்டால் மறுமொழி சொல்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்க உங்களுக்கு விருப்பம் இருந்தது.

எழுதுவதை நிறுத்த வேண்டியிருந்தது. புசல்லாவையிலிருந்து தங்கை பேசினாள். "ராத்தா, நுவரெலியா பஸ் ரெண்டும் போயிட்டு. அவ எறங்கல்ல. நான் ரோட்லதான் ஈக்கிறேன்."

அவளுடைய வாப்பா கேட்டுக்கொண்டு வந்து கதவில் நிற்கிறார். கையில் மோட்டார் சைக்கிள் சாவி. "நான் போறேன்," என்றார். "கொஞ்சம் நில்லுங்க," என்றேன். "என்னத்துக்கு நிக்க?" என்றார். நியாயமான கேள்வி. அழைப்பு எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுக்கப் போன விரலைப் பிடித்து வைத்தேன். பஸ்ஸுக்குள் சத்தத்தில் தொலைபேசியும் அடித்துக்கொண்டேயிருந்தால் அவளுக்குத் தலை வெடிக்கும், எனக்குத் தெரியும். "எங்க நிக்கிறியள்?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவர் சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பக்கம் கை போகாது.

ஆகவே மிச்சத்தையும் சொல்கிறேன்.

கடைசி வருடம் நீங்கள் திரைக்குள் வேறு மாதிரி வந்தீர்கள். தலையில் ஒரு துணி கட்டியிருந்தீர்கள். குளிர் என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் என்று செல்வம் அண்ணன் பகிடி பண்ணினார்: "புசல்லாவைக்கு வாங்க மிஸ், குளிருன்னா என்னான்னு காட்டுறேன்." உங்களுக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற புத்தக அலுமாரி இல்லை, வெளிறிய பச்சைச் சுவர். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது மட்டும்தான். ஹஸ்னா கேட்டாள்.

"அன்டி, நீங்க எங்க நிக்கிறீங்க? அது உங்கட வீட்டுச் சுவர் இல்ல."

நீங்கள் திரும்பிச் சுவரைப் பார்த்தீர்கள். பிறகு, "ஆஸ்பத்திரியில நிக்கிறன் பிள்ளை," என்றீர்கள்.

நான் குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அது கொரோனாக் காலம். ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் நின்றார்கள். பாவம், இந்த நேரத்திலும் ஓய்வில்லை, நின்றபடியே எங்களோடு கதைக்கிறா என்று நினைத்தேன். "உம்மா, அன்டி ஆஸ்பத்திரில நிக்கிறாங்க" என்று ஹஸ்னா வந்து சொன்னாள். "வேலை மகள்," என்றேன். "இல்ல உம்மா. நிக்கிறாங்க," என்றாள். சொன்னதையே சொல்வது அவளுடைய காயத்தின் குணம் என்று எடுத்துக்கொண்டு வெங்காயத்தை வெட்டினேன்.

நீங்கள் நோயில் போய்விட்டீர்கள் என்று உங்கள் தங்கை குழுவில் செய்தி போட்ட அன்றுதான் எனக்கு விளங்கியது. கையில் தொலைபேசியோடு உறைந்து நின்ற என்னை ஹஸ்னா பார்த்தாள். "நான் சென்னேன் தானே உம்மா. அன்டிட ஊர்ல படுத்துக் கிடந்தாலும் நிக்கிறன் எண்டுதான் செல்லுவாங்க."

முதல் நாள் நீங்கள் சொன்னது. காலையில் சாப்பிட்டது பின்னேரம் நினைவில் நிற்காத பிள்ளை, அதை அத்தனை வருடம் வைத்திருந்தாள். சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுத்துக் கதிரையைத் தள்ளி எழுந்தவள் அவள். கடைசியில் சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுத்தவள் நான்.

"நோகுதா எண்டு கேட்டேன்," என்றாள். "நோகுது எண்டு சென்னாங்க. அதுக்குப் பொறகு நான் பேசல்ல. அவங்களும் பேசல்ல. சும்மா பாத்துட்டு ஈந்தோம்."

எனக்குத் தெரியும் அந்த நாள். முன்னறை அமைதியாக இருக்கிறதே, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அவள் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். திரைக்குள் நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். படம் உறைந்துவிட்டது என்று நினைத்து நான் திரும்பிப் போனேன். படம் உறையவில்லை. என் மகள் உங்களுக்குத் துணைக்கு நின்றிருக்கிறாள்.

தொலைபேசி அதிர்ந்தது.

அவள்தான். எழுத்தில் இல்லை, குரலில்.

"உம்மா, கம்பளையில நிக்கிறேன். பஸ்ல சனம். தல சுத்திச்சி. எறங்கிட்டேன். ஒரு கடை வாசல்ல உக்காந்து தண்ணி குடிச்சேன். ஃபோன் அடிச்சிச்சி, அப்ப ஏலாம ஈந்திச்சி, எடுக்கல்ல. இப்ப சரி. அடுத்த பஸ்ல உக்கார எடம் ஈந்தா ஏறுவேன். இல்லாட்டி அதுக்கடுத்தது. வாப்பாவ வர வேணாம் எண்டு செல்லுங்க. சாச்சிக்கு நான் செல்றேன்."

நான் கேட்கும் முன்பே, ஒருவரும் சொல்லாமல், அவளே நின்றிருக்கிறாள். மலை ஏறத் தொடங்கும் முன்பு, அந்த வளைவுகளுக்கு இந்தப் பக்கமே, சுற்றிப் பார்த்து, இறங்கி, தண்ணீர் குடித்து, அடுத்தது என்ன என்று முடிவெடுத்திருக்கிறாள். அவளுடைய வாப்பா குரலை மறுபடி போடச் சொன்னார். கேட்டார். சாவியை ஆணியில் கொழுவினார். மாலைக்கண் உள்ளவரைப் போல முற்றத்துப் படியைக் காலால் தேடி இறங்கி, திரும்பவும் பூச்சாடிகளிடம் போனார்.

எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அது அடங்காது என்று நினைக்கிறேன். புசல்லாவை இன்னும் தூரம். ஆனாலும் மறுமொழியாக நான் எழுதி அனுப்பியது "சரி மகள்" என்பது மட்டும். கவனம், பையைப் பிடி, ஜன்னலோரம் உட்காரு, ஓரத்தில் நில், ஒன்றும் எழுதவில்லை. இவ்வளவுதான் உங்களிடமிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிவது. கேட்டுவிட்டு வாயைப் பொத்துகிற அந்தச் சின்ன இடம். கந்தோரில் யாரோடும் பேசும்போதும் இப்போது அது வந்துவிடுகிறது. நான் மந்தமாகிவிட்டேன் என்று கூட வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள்.

நீங்கள் இப்போது எங்கே என்று என்னிடம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் மார்க்கத்தில் ஒரு மறுமொழி உண்டு, உங்கள் கோயிலில் ஒன்று உண்டு. உங்கள் தம்பியோடு சேர்ந்திருப்பீர்கள் என்று செல்வம் அண்ணன் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதெல்லாம் உங்கள் மறுமொழியை நாங்கள் சாப்பிடுவது.

ஆகவே கேட்கிறேன், அக்கா.

எங்க நிக்கிறியள்?

கேட்டுவிட்டேன். இனி நான் பேசவில்லை.